முதல் ஆர்டர்

ஆடி மாதத்தில் தொழில் தொடங்கிய ஆள் நான். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, ஊரே கையைக் கட்டிக்கொண்டு ஆவணிக்காகக் காத்திருக்கிற மாதம். அந்த மாதத்தில்தான் வாழ்த்து மடல் எழுதித் தருகிறேன் என்று பாலக்கரை டீக்கடையில் போய்க் கார்டு கொடுத்தேன். டீக்கடைக்காரர் கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பஜ்ஜித் தட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்த தட்டு அன்றைக்கு நின்றது. என் தொழிலால் ஊருக்குக் கிடைத்த முதல் பயன் அது.

எனக்கு வேலை விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில். மின்சாரப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக ஃப்யூஸ் கட்டை இருக்குமே, அதை அட்டைப்பெட்டியில் வைக்கோல் வைத்து அடுக்கி, மேலே ஊர்ப் பெயர் எழுதி, லாரி ஏற்றுவது. இருபத்திரண்டு வருஷமாக எந்தெந்த ஊர்ப் பெயரையோ எழுதியாகிவிட்டது. அதில் ஓர் ஊருக்கும் நான் போனதில்லை. போன வருஷம் சூளை வாரத்தில் நாலு நாள்தான் எரியும் என்று சொல்லிவிட்டார்கள். மீதி மூன்று நாள் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மனைவி என்னைச் சுற்றிப் பெருக்கினாள். இரண்டாவது வாரம், காலைத் தூக்கச் சொல்லிப் பெருக்கினாள். மூன்றாவது வாரம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

கம்பெனியில் யாருக்கு என்ன எழுத வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். லீவு லெட்டர், ரேஷன் கார்டு மனு, மேனேஜர் பெண் கல்யாணத்துக்கு வாழ்த்து, சூளைக்காரர் ஒருவருக்குக் காதல் கடிதம்கூட. எல்லாம் ஒரு டீக்கு. டீக்குச் செய்கிறதைத் தொழிலாகச் செய்தால் என்ன என்று ஒரு கார்டு அடித்தேன். ‘மனு, வாழ்த்து மடல், வரவேற்புரை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி ஆகியவை உள்ளம் உருக எழுதித் தரப்படும்.’ பட்டா மாறுதல் மனுவை எதற்கு உள்ளம் உருக எழுத வேண்டும் என்று மனைவி கேட்டாள். தாசில்தாருக்கும் உள்ளம் இருக்கும் என்றேன்.

முதலில் அழைத்தவர் ஒரு லாரிக்காரர். பின்பக்கம் நாலு வார்த்தை எழுத வேண்டும், பெயிண்டு அவரே தருகிறாராம். இரண்டாவதாக ஓர் அம்மா ஜாதகம் எழுதுவீர்களா என்றார். மூன்றாவது அழைப்பு வரவே இல்லை. கம்பெனியில் பெட்டி அடுக்கும்போது பாக்கெட்டில் போன் நடுங்கியதுபோல இருக்கும். அவசரமாக எடுத்துப் பார்த்தால் போன் அமைதியாக இருக்கும், என் தொடைதான் நடுங்கியிருக்கும். கூட வேலை செய்கிறவர் ஒருவர், இப்போதெல்லாம் போனே எல்லாவற்றையும் எழுதித் தருகிறதாமே அண்ணே என்று நல்ல எண்ணத்தோடு ஒரு செய்தி சொன்னார். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை. போன் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் அது டீ குடிக்காது, அந்த வகையில் எனக்கு ஒரு மதிப்பு உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, மனைவியை அவள் போனிலிருந்து எனக்கு அடிக்கச் சொன்னேன். அடித்தாள். என் போன் மேஜைமேல் கிடந்து கூரை அதிர மணியடித்தது.

“ரிங்கு போவுது. போனுக்கு ஒண்ணும் இல்லீங்க” என்றாள்.

சரி, வைத்துவிடு என்றேன். அவள் வைக்கவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற என்னைப் பார்த்து, “இருங்க, போன் பண்ணது பண்ணிட்டேன். எனக்கு ஒரு வேலை இருக்குது. எழுதிக் குடுப்பீங்களா?” என்றாள்.

நானும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, சொல்லுங்க மேடம் என்றேன்.

“எந்தம்பிக்கு ஒரு லெட்டரு.”

போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அவளுடைய தம்பி, என் மச்சான், பெண்ணாடத்தில் இருந்தார். கரும்பு விவசாயம், சொந்த டிராக்டர். எங்களுக்கும் அவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. அதற்குக் காரணம் சொத்தா, பத்திரமா என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை. காரணம் நான்தான், என் கையில் இருந்த மைக்தான்.

என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா மண்டபத்தில் நடந்தது. எங்கள் பக்கம் அந்த விழாவின் உயிரே தாய்மாமன் சீர்தான். மேளத்தோடு தட்டுத் தட்டாக ஏந்திக்கொண்டு மாமன் வீட்டுக்காரர்கள் வாசலிலிருந்து நடந்து வருவார்கள். ஒருவர் மைக்கில் ‘தாய்மாமன் சீர் வருது, தாய்மாமன் சீர் வருது’ என்று அறிவிப்பார். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அந்த வருஷம் வெள்ளாற்றில் தண்ணீர் ஏறி மச்சானுடைய கரும்பு முழுக்க நின்று அழுகியிருந்தது. அது எனக்குத் தெரியும். இருந்தும் அவர் இருபத்தொரு தட்டோடு வந்தார். தட்டு குறைந்தால் அக்காவுக்குக் கௌரவம் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு பட்டுப்புடவை, வளையல், தேங்காய், பழம். அதை இருபத்தொன்றாகப் பிரித்து வைத்திருந்தார்.

மைக்செட்காரர் அந்த நேரம் பார்த்துப் பந்திக்குப் போயிருந்தார். மைக்கை நான் பிடித்தேன். கையில் மைக் வந்தால் எனக்குள் இருக்கிற ஒருவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

“எல்லாரும் வழி விடுங்க, தாய்மாமன் சீர் வருது. தட்டு இருபத்தொண்ணு. தட்டுல என்னா இருக்குதுன்னு பாக்கறவங்களுக்கு ஸ்டேஜுக்குப் பக்கத்துல பூதக்கண்ணாடி வாடகைக்குக் கிடைக்கும்.”

மண்டபம் அப்படிச் சிரித்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் அத்தனை பேர் சிரித்ததில்லை. மச்சானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து தட்டை வைத்தார், என் மகளுக்கு மாலை போட்டார். அப்புறம் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு எழுந்து, வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். வரவில்லை. அந்த இலையில் பரிமாறின சோறு அப்படியே இருந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை, மனைவி போட்ட போனை எடுக்கவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புது வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார், எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்தத் தம்பிக்குத்தான் லெட்டர். நான் எழுத வேண்டும், என் பேரில், மன்னிப்புக் கேட்டு. இதற்கு எதற்கு லெட்டர், நேரில் போய்ப் பேசிவிடலாமே என்றேன்.

“நேர்ல போனா ஜோக்கு அடிப்பீங்க. போன்லயும் அடிப்பீங்க. லெட்டருன்னா அடிச்ச ஜோக்கப் பேனாவால அடிச்சிட்டு எழுதலாம். உங்களுக்கு அதான் நல்லது” என்றாள்.

எழுதித் தருகிறேன், ஆனால் வரிசைப்படிதான் என்றேன்.

“வரிசைல யாரு இருக்காங்க? நாந்தான் மொத ஆர்டரு. எனக்கு முன்னாடி யாரையும் நுழைக்கக் கூடாது, ஆமா.”

அன்றைக்கே உட்கார்ந்தேன், பொய் சொல்லவில்லை. ‘அன்புள்ள மச்சானுக்கு’ என்று எழுதினேன். அடுத்த வரி, ‘பூதக்கண்ணாடி கடையை மூடிவிட்டோம்’ என்று வந்தது. அடித்தேன். ‘நலம், நலமறிய ஆவல், உங்கள் டிராக்டரும் நலம் என்று நம்புகிறேன்.’ அதையும் அடித்தேன். அடுத்து எழுதியது வாழ்த்து மடல் போல, வானம் பூமி எல்லாம் வந்து நின்றது. கிழித்தேன். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு ஜோக் வரும். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். ஸ்கூலில் பிரம்படிக்குக் கையை நீட்டும்போதுகூட வாத்தியாரைச் சிரிக்க வைத்து இரண்டு அடி கூடுதலாக வாங்கினவன்.

அதற்குள் ஆவணி வந்துவிட்டது. உண்மையான வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்தார்கள்.

பீங்கானில் கொலு பொம்மை செய்கிற ஒரு யூனிட்காரர், ஆன்லைனில் விற்பதற்குப் பொம்மைக்கு நாலு வரி எழுதச் சொன்னார். களிமண்ணுக்குள் கடவுள் கண் திறக்கிறார் என்கிற அளவுக்கு எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டு, நல்லாத்தான் இருக்குது, உடையாதுன்னு ஒரு வரி சேர்த்துடுங்க என்றார். பீங்கான் உடையாது என்று எப்படி எழுதுவது, உடைந்தால் என்றேன். எழுதினவர்தான் பொறுப்பு என்றார். மூன்று நாள் பேசி, ‘கீழே போடாதவரை உடையாது’ என்பதில் உடன்பாடு ஆனது.

பிறகு ஒரு கண்டக்டர் வந்தார். வண்டியில் ஒரு வயதான அம்மாவிடம் கோபமாகப் பேசிவிட்டாராம், டெப்போவுக்குப் புகார் போய்விட்டது, மேனேஜருக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டும். இருபது நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அவருக்குக் கண் கலங்கியது. உண்மையிலேயே நான் தப்புதாங்க பண்ணியிருக்கேன் என்றார். என் மனைவி அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு வந்து, மோர் கொடுத்த டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

கடைவீதியில் ஒரு பிரஸ் வைத்திருக்கிறவர் என்னைச் சேர்த்துக்கொண்டதுதான் பெரிய திருப்பம். அவரிடம் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் ஒரு நோட்டுத் தாளில் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். அல்லது வீட்டில் கடைசியாக அடித்த பழைய பத்திரிகையைக் கொண்டுவந்து, இதே மாதிரி, தேதியை மட்டும் மாத்திடுங்க என்பார்கள். பிரஸ்காரர் அதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் பெயர்களை முறைப்படி அடுக்கி, நாலு வரி கவிதை மாதிரி ஒன்றைச் சேர்த்து அனுப்பிவிடுவேன். ‘உருக்கமா’, ‘ஜாலியா’, ‘சாமி பாட்டு மாதிரி’ என்று ஒரு வார்த்தையில் குறிப்பு வரும். அவ்வளவுதான் என் இலக்கியக் கொள்கை.

மனைவியின் ஆர்டர் கீழே போய்க்கொண்டே இருந்தது. வூட்டு வேலைதானே என்று நினைத்தேன். வெளி ஆளுக்குத் தேதி தவறினால் போய்விடுவான், இவள் எங்கே போகப் போகிறாள். ஆவணிக் கடைசியில் ஒருமுறை கேட்டாள். முகூர்த்த நெருக்கடி என்றேன். ஐப்பசியில் கேட்டாள். தீபாவளி முடியட்டும் என்றேன். மார்கழியில், சேத்தியாத்தோப்பில் இருக்கிற அவளுடைய அக்கா போனில் பேசினார். தம்பிக்குச் சர்க்கரை கூடி, காலில் புண் ஆறாமல் இருக்கிறதாம். மனைவி போனை வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு வரி போதுங்க. வாங்கன்னு ஒரு வரி. தப்புன்னு ஒரு வரி.”

தை பிறக்கட்டும், பொங்கலுக்குக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பொங்கல் வந்தது, பிரஸ்ஸில் தை முகூர்த்தம் குவிந்து கிடந்தது, நான் பெண்ணாடம் போகவில்லை.

கண்டக்டருக்கு இருபது நிமிஷத்தில் எழுதினவனுக்கு மச்சானுக்கு ஏன் வரவில்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மச்சான் அன்றைக்குச் சிரித்தார், அதுதான் காரணம். அவரும் சிரித்தார் இல்லையா, தமாஷைத் தமாஷாக எடுத்துக்கொண்டார், பிறகு யாரோ ஏற்றிவிட்டார்கள் என்று ஆறு வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அவர் முகம் நேர் எதிரே தெரிந்தது. மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்கு முன்னால் அவர் சிரிப்பு முடிந்துவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருந்தது. லெட்டர் எழுத வேண்டும் என்றால் அதைப் பார்த்தேன் என்று எழுத வேண்டும்.

மாசி மாதம் ஒரு காலையில், கம்பெனியில் லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மனைவிதான். அழுகை இல்லை. “எந்தம்பி போயிட்டானாம். நீங்க வந்துருங்க” என்றாள். மாரடைப்பு. கால் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டு, வயலுக்குப் போகக் கிளம்பி, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

பெண்ணாடம் போனோம். புதுமனை புகுவிழாவுக்கு அழைக்கப்படாத வீட்டுக்குச் சாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். புது வீட்டை முதல்முறையாகப் பார்த்தோம். வாசலில் நல்ல டைல்ஸ் போட்டிருந்தார், என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஓடினாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சண்டை என்று எதை நாங்கள் ஆறு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தோமோ அது அந்தக் கூடத்தில் எங்கேயும் தென்படவில்லை. நான் பந்தலில் ஆண்களோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், கலகலப்பான ஆளாச்சே நீங்க, பேசாம இருக்கீங்க என்றார். என்னை அவருக்கு எந்த மண்டபத்தில் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் பிரஸ்காரரிடமிருந்து இரண்டு படம் வந்தது. கூடவே குறிப்பு: பெண்ணாடம் பார்ட்டி, பதினாறாம் நாள் பத்திரிகை, உருக்கமா, அவசரம்.

முதல் படம் ஒரு பழைய புதுமனை புகுவிழாப் பத்திரிகை. அதன்மேலேயே பேனாவால் தேதியை அடித்து மாற்றி, ‘புதுமனை புகுவிழா’வை அடித்துக் ‘கருமாதி’ என்று எழுதியிருந்தது. மச்சான் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’. இரண்டாவது படத்தில் நோட்டுத் தாளில் எழுதின உறவினர் பெயர்கள். பார்ட்டி என் மச்சான் வீடு என்று பிரஸ்காரருக்குத் தெரியாது. பத்திரிகைக்குக் கவிதை எழுதுகிற ஆள் யார் என்று மச்சான் மகனுக்கும் தெரியாது. முன்னே அடித்த இடத்திலேயே அடிப்போம் என்று கொண்டுவந்திருக்கிறான், அவ்வளவுதான்.

சகோதரி என்கிற தலைப்பின் கீழே ஒரே பெயர்தான் இருந்தது. சேத்தியாத்தோப்பு அக்கா, அவர் கணவர். என் மனைவி பெயர் இல்லை. அவளை இப்போது யாரும் எடுத்துவிடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த வீட்டுக்குக் குடிபோகும்போது, மச்சானே எடுத்திருக்கிறார். பிள்ளை பழைய பத்திரிகையைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டான்.

பெட்டி அடுக்குகிற மேஜைமேல் பேப்பரை வைத்து நாலு வரி எழுதினேன்.

*வந்தவர் எவரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை நீ.*
*ஒரு பந்தியில் உன்னைச் சாப்பிடாமல் அனுப்பிவிட்டோம்.*
*இலை போட்டிருக்கிறோம்.*
*வந்து உட்காரு.*

அடித்தல் திருத்தல் இல்லை. ஜோக் ஒன்றும் வரவில்லை, வருமோ என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. பதினாறாம் நாள் படையல் போடுகிற வீட்டுக்கு இது பொருந்தும், வேறு யாருக்கும் வேறெதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். மனைவி பெயரைச் சேர்க்கவில்லை. சேர்க்க எனக்கு என்ன உரிமை.

சாயங்காலம் மச்சான் மகனே போன் செய்தான். பிரஸ்ஸில் அச்சடிக்கும் முன் அவனுக்குப் புரூஃப் காட்டியிருக்கிறார்கள், இதை யார் எழுதினது என்று கேட்டிருக்கிறான்.

“மாமா, இது நீங்க எழுதுனதா?”

ஆமாம் என்றேன். அந்த விழாவுக்கு அவனும் தட்டு ஏந்தி வந்தவன்தான்.

“அப்பா அந்தப் பூதக்கண்ணாடி ஜோக்க வூட்டுல அடிக்கடி சொல்லுவாரு மாமா. சொல்லிட்டு சிரிப்பாரு. அப்பறம் எழுந்து வெளிய போயிருவாரு.”

நான் போனைக் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

“அத்தை பேரு விட்டுப்போச்சு மாமா. பழைய பத்திரிகையப் பாத்துப் பாத்து எழுதிட்டோம். போட்டுருங்க” என்றான்.

எவ்வளவு எளிதாகச் சொன்னான். ஒரு பெயரை எடுக்கவும் சேர்க்கவும் இவ்வளவு சின்ன வேலைதானா என்று தோன்றியது. சகோதரிகள் என்று திருத்தி அவள் பெயரையும் என் பெயரையும் சேர்த்து அனுப்பினேன். வீட்டில் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை. பத்திரிகையை அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினாறாம் நாள் படையல் முடிந்து பந்தலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, மீந்த பத்திரிகைகள் கைக்குக் கை போயின. சேத்தியாத்தோப்பு அக்கா அந்த நாலு வரியைச் சத்தமாகப் படித்தார். இரண்டாவது வரியில் நிறுத்தி, தங்கையைப் பார்த்தார். என் மனைவி பத்திரிகையை வாங்கினாள். முதலில் பெயர்கள் இருக்கிற பக்கம். அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். பிறகு திருப்பி அந்த வரிகளைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள், நாலு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

அப்போது எனக்குப் பக்கத்தில் ஒருவர், நல்லூர் பக்கத்து ஆள், மச்சான் வகை உறவு, நல்லா எழுதியிருக்காங்க, யாருங்க எழுதுனது, எங்க பெரியப்பாவுக்கு வருஷ நினைவு வருது என்றார். மச்சான் மகன் என்னைக் காட்டினான். அதைக் கேட்டு முன்வரிசையில் இருந்த இன்னொருவரும் திரும்பி, கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் எழுதுவீங்களா என்றார்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். என் கை சட்டைப் பையில் போனது. கார்டை எடுத்தது. இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தது. ‘உள்ளம் உருக’ என்கிற வரி மேலே தெரிகிற மாதிரி. ஆடி மாதத்திலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்று பதறிப் பதறிப் பழகின கை. யோசித்துக் கொடுத்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் அவள் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். இலையில் போட்டதை ஒன்று விடாமல் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். அந்த வீட்டில் சாப்பிடாமல் எழுந்திருக்க எங்கள் இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. ஜன்னல் பக்கம் அவள். ஊரைத் தாண்டியதும் முன்னால் கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. பஸ் அதன் பின்னால் ஊர்ந்தது. டிரைவர் இரண்டு மூன்று முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அவள் மடியில் பத்திரிகை இருந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள்.

நான் முன்னால் போகிற டிராக்டரைப் பார்த்தேன்.

“நான் கேட்டது இதுதாங்க. இதத்தான் கேட்டேன். இத அனுப்பியிருந்தா அவன் அடுத்த பஸ்ஸ புடிச்சு வந்திருப்பான்.”

டிராக்டரிலிருந்து ஒரு கரும்புத் துண்டு ரோட்டில் விழுந்து பஸ் சக்கரத்தில் நசுங்கியது.

“இந்த நாலு வரி எழுத எவ்ளோ நேரம் ஆச்சு?” என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இரண்டு நாள் ஆனது என்று சொல்லியிருக்கலாம், சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள், நம்புவதற்கு ஏதாவது கிடைத்தால் போதும் என்கிற மாதிரிதான் இருந்தது அவள் முகம்.

“பத்து நிமிஷம்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பத்திரிகையை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள். டிராக்டர் இடது பக்கம் மண்ணில் இறங்கி வழி விட்டது, பஸ் வேகம் எடுத்தது, காற்று அடித்தது. அவள் ஜன்னலை மூடவில்லை. முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாள், விருத்தாசலம் வரும் வரைக்கும்.